மோட்டார் வண்டிச் சாவி வந்த வரலாறு



வரலாறு என்று சொன்னவுடனே மன்னர்களும் போர்களும் கோட்டைகளும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நாம் அன்றாடம் கையில் எடுக்கும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றுள் ஒன்று மோட்டார் வண்டியின் சாவி. அந்தச் சாவியை நுழைத்துத் திருப்பும் இடத்துக்குப் பின்னால் ஒரு சிறு பொருள் இருக்கிறது. அதனை இக்னிஷன் சுவிட்சு என்பார்கள். நம்மவர் பேச்சில் அது சாவி சுவிட்சு. உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தச் சுவிட்சு எப்படி வந்தது? அது பழுதானபோது உலகில் என்ன நேர்ந்தது? நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேனில் அது பழுதானால் நாம் செய்ய வேண்டியது என்ன? இவற்றை இன்றைய பேச்சில் காண்போம்.

தோட்டத்தில் வாழும் நமக்கு மோட்டார் வண்டியின் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த வரலாறும் நம்முடைய வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. 1877ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், மரம் பட்டுப்போகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டு, ரப்பரைப் பயிரிடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் விடாமல் சொல்லி வந்தார். காப்பியில் கண்ணாக இருந்தவர்கள் முதலில் அவர் சொல்லைக் கேட்கவில்லை. 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் ரப்பரை வாணிபப் பயிராக நட்டார். அதே 1896ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரில் ஒரு பென்ஸ் மோட்டார் வண்டி கப்பலிலிருந்து இறங்கியது.

அதன் பிறகு நடந்தது நாம் அறிந்ததே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வண்டிகள் பெருகப் பெருக, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. ரப்பர் வேண்டியிருந்ததால் ஆள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி இங்கு வந்த நம் முன்னோர் காடழித்து நட்ட மரங்களின் பால், கடல் கடந்து போய் டயராக உருண்டது. டயராக மட்டுமன்று, மின்சாரம் கசியாதபடி வண்டியின் ஒயர்களுக்கு உறையாகப் போர்த்தியதும் அந்நாளில் ரப்பரைத்தான். வண்டி வாங்க வசதியில்லாத காலத்திலேயே வண்டிக்காக உழைத்தவர்கள் நாம். ஆகவே, இந்த வரலாற்றைக் கேட்கும் உரிமை நமக்கு நிறையவே உண்டு.

இனி வண்டிக்குள் நடப்பதைச் சற்றுப் பார்ப்போம். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் இறுக்கி அழுத்தப்படுகிறது. சரியான நொடியில் ஒரு மின்பொறி அதனைக் கொளுத்துகிறது. அந்த வெடிப்பு பிஸ்டனைத் தள்ளுகிறது. பொறி இல்லையேல் ஓட்டம் இல்லை. பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் திறந்துவிடுவதும் அடைத்துவிடுவதும்தான் சாவி சுவிட்சின் அடிப்படை வேலை.

ஜெர்மனி நாட்டின் கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அந்த வண்டியில் மின்பொறி உண்டு; சாவி கிடையாது. பின்னால் படுக்கையாக இருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டால் இயந்திரம் உயிர் பெறும்.

அந்த வண்டியில் முதன்முதலாக நெடும்பயணம் போனவர் யார் தெரியுமா? அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கணவரிடம் சொல்லாமலே, இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து தம் தாய்வீடு இருந்த ஃபோர்ஸ்ஹைம் நகருக்கு அந்த அம்மையார் வண்டியோட்டிச் சென்றார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு அது. வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியின் ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மின்பொறிக்குப் போகும் ஒயரின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தபோது, தம் காலுறையைப் பிடித்திருந்த நாடாவை எடுத்து அதன் மேல் சுற்றினார் என்பார்கள். மோட்டார் வண்டியின் மின்கோளாற்றைச் சாலையோரத்தில் சரிசெய்தவர் ஒரு தாய் என்பதை நம் தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காலத்து பேட்டரிகள் விரைவில் தீர்ந்துபோயின. ஆகவே, இயந்திரம் சுழலும்போது அதுவே தனக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும் மேக்னெட்டோ என்னும் கருவி வந்தது. ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் அதனை 1897இல் மோட்டார் வண்டியில் பொருத்தினார். அவரிடம் வேலை செய்த காட்லொப் ஹோனல்ட் 1902இல் அதனை மேலும் திருத்தி, இன்றைய பிளக் போன்ற ஒன்றோடு இணைத்தார்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேக்னெட்டோ பூட்டிய வண்டியைப் புறப்படச் செய்ய சுவிட்சு எதுவும் வேண்டியதில்லை; கையால் சுற்றினால் போதும். நிறுத்துவதற்குத்தான் சுவிட்சு வேண்டும். அதனைத் தட்டினால் பொறிக்குப் போகும் மின்சாரம் வண்டியின் இரும்பு உடலுக்குள் இறங்கிவிடும், இயந்திரம் அடங்கும். அதாவது, மனிதன் இட்ட கட்டளைக்கு வண்டி அடங்கி நிற்பதற்காக வந்ததே இந்தச் சுவிட்சு. வேண்டியபோது நிறுத்தவும் வேண்டாதபோது நின்றுவிடாமல் காக்கவும் வேண்டிய பொருள் அது. இந்த இரண்டு கடமைகளில் ஒன்று தவறினாலும் ஆபத்து. பின்னால் நாம் சொல்லப் போகும் துயரங்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

கையால் சுற்றுவது எளிய வேலையன்று. வண்டியின் முன்புறத்தில் இரும்பு ஹேண்டிலை நுழைத்து வேகமாகச் சுற்ற வேண்டும். பொறி முந்திக்கொண்டு விழுந்துவிட்டால் ஹேண்டில் எதிர்த்திசையில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர்களும் தாடை உடைந்தவர்களும் ஏராளம். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்காதே, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள் என்று புதிய ஓட்டுநருக்கு முதல் பாடம் சொல்வார்கள். நம் நாட்டிலும் பழைய லோரிகளை இப்படிச் சுற்றிக் கிளப்பிய ஓட்டுநர்களை முதியவர்கள் சிலர் கண்டிருப்பார்கள்.

இந்தத் துன்பத்தை ஒழிக்க வழி தேடியவர் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்ட். வழி கண்டவர் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரைச் சேர்ந்த சார்ல்ஸ் கெட்டரிங். கெட்டரிங் அதற்கு முன் கடைகளில் பணம் வாங்கிக் கணக்கிடும் கல்லாப்பெட்டி இயந்திரங்களைச் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த இயந்திரத்தைக் கையால் சுழற்றாமல் இயக்க ஒரு சிறு மின்மோட்டாரை அமைத்தவர். அந்த மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. சில நொடிகள் மூச்சைப் பிடித்து வேலை செய்தால் போதும். மோட்டார் வண்டியைக் கிளப்பவும் அதே போதும் அல்லவா என்று அவர் சிந்தித்தார். 1911இல் அவருடைய கருவி கேடிலாக் வண்டியில் வேலை செய்து காட்டியது. 1912ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் வண்டிகள் அதனோடு விற்பனைக்கு வந்தன.

அன்றிலிருந்து வண்டியோட்டத் தோள்வலிமை தேவைப்படவில்லை. பெண்களும் முதியவர்களும் துணிந்து ஓட்டத் தொடங்கினார்கள். ஹென்றி ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல் டி வண்டிக்கும் 1919இல் மின் ஸ்டார்ட்டர் வந்தது. 1908 முதல் 1927 வரை அந்த மாடல் மட்டும் 15 மில்லியனுக்கு மேல் செய்யப்பட்டது. அத்தனை வண்டிகளுக்கும் நான்கு நான்கு டயர்கள் என்று கணக்கிட்டால், அதன் பின்னால் எத்தனை பால்வாளிகள் நிறைந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்போதும் சாவி வேறு, ஸ்டார்ட்டர் வேறாகத்தான் இருந்தன. சாவியைத் திருப்பினால் பொறிக்கு மின்சாரம் போகும். ஸ்டார்ட்டருக்குத் தனியே ஒரு பொத்தானைக் கையால் அழுத்தவோ காலால் மிதிக்கவோ வேண்டும். 1949இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் இரண்டையும் ஒன்றாக்கியது. சாவியை ஒரு படி திருப்பினால் மின்சாரம். மேலும் ஒரு படி திருப்பினால் ஸ்டார்ட்டர். 1970ஆம் ஆண்டு வாக்கில் திருட்டைத் தடுப்பதற்காக ஸ்டேரிங்கைப் பூட்டும் வேலையும் அதே சாவியிடம் வந்து சேர்ந்தது.

இதன் பொருள் என்ன? பெரட்டு எடுப்பது, கணக்கு எழுதுவது, மருந்து கொடுப்பது, லோரி ஓட்டுவது ஆகிய நான்கு வேலைகளையும் ஒரே ஆளின் தலையில் சுமத்தினால் எப்படி இருக்கும்? அவர் நலமாக இருக்கும்வரை எல்லாருக்கும் வசதி. அவர் ஒரு நாள் படுத்துவிட்டால் நான்கு வேலையும் நின்றுவிடும். சாவி சுவிட்சின் நிலையும் அதுவே.

அந்தச் சுவிட்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய மந்திரம் எதுவும் இல்லை. செம்புத் தகடுகள் சில இருக்கும். சாவி திரும்பும்போது அவை ஒன்றையொன்று தொட்டும் விலகியும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும். பொதுவாக நான்கு நிலைகள் உண்டு. பூட்டிய நிலை ஒன்று. வானொலி போன்றவற்றுக்கு மட்டும் மின்சாரம் தரும் நிலை இரண்டு. வண்டி ஓடும் நிலை மூன்று. ஸ்டார்ட்டரைச் சுழற்றும் நிலை நான்கு. சாவி திருப்பும்போது 'டக், டக்' என்று கையில் படுகிறதே, அது ஒரு சிறு ஊசிமுனை ஸ்பிரிங்கின் தள்ளுதலால் பள்ளத்தில் போய் உட்காரும் ஓசை. ஓடும் நிலையில் சாவியை அசையாமல் பிடித்து வைப்பது அந்தச் சிறு ஸ்பிரிங்தான். கையை விட்டவுடன் சாவியை ஸ்டார்ட்டர் நிலையிலிருந்து பின்னுக்கு இழுப்பது இன்னொரு ஸ்பிரிங். இந்த ஸ்பிரிங்குகள் தளரலாம். தகடுகள் தேயலாம், கருகலாம். சாவியோடு வீட்டுச்சாவி, கடைச்சாவி, பூட்டு என்று ஒரு கொத்தையே தொங்கவிட்டால், குழி விழுந்த சாலையில் வண்டி குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாரம் சாவியைப் பிடித்துக் கீழே இழுக்கும்.

இனி, இந்தச் சிறு பொருள் பழுதானபோது நடந்த மூன்று வரலாறுகளைச் சொல்வோம்.

முதலாவது, 1996ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்தது. ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற சுமார் 8.7 மில்லியன் கார்களையும் இலகு லோரிகளையும் வேன்களையும் சாவி சுவிட்சை மாற்றித் தருவதற்காகத் திரும்ப அழைத்தது. சுவிட்சுக்குள் மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்பதே காரணம். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகும் தீப்பிடிக்கலாம். ஏனென்றால், சாவி நம் பையில் இருந்தாலும் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் சுவிட்சின் வாசல்வரை எந்நேரமும் வந்து காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது வரலாறு மிகவும் துயரமானது. ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் பெருநிறுவனம் செவர்லே கோபால்ட், சேட்டர்ன் அயன் முதலிய சிறு கார்களுக்காக ஒரு சாவி சுவிட்சைத் தயாரிக்கச் செய்தது. சாவியைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங், நிறுவனம் தானே வகுத்த அளவுக்குக்கூட வலுவாக இல்லை. அப்படியிருந்தும் 2002இல் அந்தச் சுவிட்சு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வண்டிகள் சாலைக்கு வந்தன. ஓட்டுநரின் முழங்கால் சாவிக்கொத்தில் பட்டால் போதும். சாலையில் ஒரு குதி குதித்தால் போதும். சாவி தானே பின்னுக்கு நழுவியது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது. ஸ்டேரிங் கனத்தது. பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, மோதும்போது மார்பைக் காக்கும் காற்றுப்பை விரியாமல் போயிற்று. அதற்கு வேண்டிய மின்சாரமும் அந்தச் சாவி வழியாகவே வந்தது அல்லவா?

புகார்கள் வந்தன. 2005இல் நிறுவனத்துக்குள் ஆராய்ந்தார்கள். இது பாதுகாப்புக் குறையன்று, வசதிக்குறை என்று ஒதுக்கினார்கள். சாவிக்கொத்தில் பாரத்தைக் குறைக்கும்படி வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள் என்று விற்பனையாளர்களுக்கு எழுதினார்கள். 2006இல் ஸ்பிரிங்கும் ஊசிமுனையும் நீளமாக்கப்பட்டு வலுவான சுவிட்சு வந்தது. ஆனால், பொருளின் எண்ணை மாற்றவில்லை. பழையதற்கும் புதியதற்கும் ஒரே எண். அதனால் பழைய சுவிட்சு இருந்த வண்டிகள் அப்படியே ஓடின. பின்னால் ஆராய வந்தவர்களும், ஒரே எண்ணுள்ள சுவிட்சு சில ஆண்டு வண்டிகளில் பழுதாகிறது, சில ஆண்டு வண்டிகளில் பழுதாகவில்லை, இது ஏன் என்று தெரியாமல் திகைத்தார்கள்.

உண்மையை வெளிக்கொணர்ந்தது மகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பம். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் பக்கத்துப் பொறியாளர் இரண்டு சுவிட்சுகளைப் பிரித்து அருகருகே வைத்து அளந்து பார்த்தார். எண் ஒன்று, உள்ளிருக்கும் பொருள் வேறு. மறைந்து கிடந்த செய்தி அங்கே வெளிப்பட்டது. 2014 பிப்ரவரியில் வண்டிகளைத் திரும்ப அழைக்கத் தொடங்கினார்கள். எண்ணிக்கை சுமார் 2.6 மில்லியனுக்கு உயர்ந்தது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கு அந்தச் சுவிட்சையே காரணமாக ஏற்று இழப்பீடு வழங்கியது. 2015 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 900 மில்லியன் டாலர் கட்ட நேர்ந்தது.

நிறுவனமே ஒரு வழக்கறிஞரை அமர்த்தி நடத்திய விசாரணையின் அறிக்கை 2014 ஜூனில் வெளிவந்தது. 15 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அந்த அறிக்கையில் நம் மனத்தைத் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. கூட்டம் நடக்கும், இன்னது செய்ய வேண்டும் என்று பேசுவார்கள், எல்லாரும் 'ஆம்' என்று தலையாட்டுவார்கள், பிறகு எழுந்து போய்விடுவார்கள், ஒருவரும் அதைச் செய்யமாட்டார்கள். ஒரு ஸ்பிரிங் தளர்ந்தது உண்மை. ஆயினும், அத்தனை உயிர்களைக் குடித்தது, தெரிந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போன அந்த வழக்கமே.

மூன்றாவது வரலாறு வேன்களைப் பற்றியது. சாவியையும் ஸ்டார்ட்டரையும் முதன்முதலில் ஒன்றாக்கிய அதே கிரைஸ்லர் நிறுவனம், தன் குடும்ப வேன்களில் ஓடும்போது சாவி நிலை மாறிவிடும் குறைக்காக 2011இலும் 2014இலும் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2014 ஜூனில் அறிவித்த அழைப்பில் மட்டும் சுமார் 7 லட்சம் வண்டிகள் அடங்கின. பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாக ஏறிச் செல்லும் வேன்களும் அவற்றுள் உண்டு.

நேயர்களே, இவையெல்லாம் அமெரிக்காவில் நடந்தவை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. தோட்டத்திலிருந்து பள்ளிக்கும், பட்டணத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும் நம்மை ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் பல கை மாறிய வேன்கள். நிசான் வேனட், டொயோட்டா ஹயஸ் முதலிய வண்டிகள் இருபது ஆண்டு, முப்பது ஆண்டு கடந்தும் ஓடுவதை நாம் காண்கிறோம். ஒரு நாளைக்குப் பத்து முறை நிறுத்திக் கிளப்பினால், ஓராண்டில் அந்தச் சுவிட்சு எத்தனை ஆயிரம் முறை திரும்பியிருக்கும்! அது தேய்வது வியப்பன்று. தேய்ந்ததைக் கண்டும் காணாததுபோல் இருப்பதுதான் குற்றம்.

தேய்வை எப்படி அறிவது? சாவியைத் திருப்பும்போது முன்பலகை விளக்குகள் மிகவும் மங்கினால், முதலில் பேட்டரியையும் அதன் முனைகளில் பூத்திருக்கும் உப்பையும் பாருங்கள். சுவிட்சின் மேல் பழி போட வேண்டாம். விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் ஸ்டார்ட்டர் ஊமையாக இருந்தால், சுவிட்சோ ரிலேயோ ஸ்டார்ட்டரோ காரணமாக இருக்கலாம். ஸ்டார்ட்டர் சுழலும்போது இயந்திரம் பிடித்து, சாவியை விட்டவுடன் அணைந்துவிட்டால், சுவிட்சின் ஓடும் நிலைத் தகடு தேய்ந்திருக்கக்கூடும். பழைய பெட்ரோல் வண்டிகளில் காயிலுக்குப் போகும் ரெசிஸ்டரும் அப்படிச் செய்யும். ஓடும்போது சாவியை இலேசாக அசைத்தால் விளக்குகள் மினுக்கினாலோ, இயந்திரம் தடுமாறினாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவ முடிந்தாலோ, சாவித்துளை சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ, அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது. கையை விட்ட பிறகும் ஸ்டார்ட்டர் சுழன்றுகொண்டே இருந்தால், உடனே வண்டியை அணைத்து பேட்டரியின் ஒயரைக் கழற்ற வேண்டும்.

பழுதுபார்க்கும் வழி பெரிய செலவுடையதன்று. பல வேன்களில் சாவி நுழையும் பூட்டு வேறு, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் மின்சுவிட்சு வேறு. பூட்டு நன்றாக இருந்தால் பின்பகுதியை மட்டும் மாற்றலாம். சாவியையும் மாற்ற வேண்டியதில்லை. மெக்கானிக் கை வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுகிறாரா என்று பாருங்கள். பழைய சுவிட்சைக் கேட்டு வாங்கி, புதியதோடு வைத்துப் பாருங்கள். மாற்றிய நாளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே எண்ணுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருந்த கதையை இப்போதுதானே கேட்டோம்?

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. சுவிட்சு பழுதானால், இரண்டு ஒயர்களை இழுத்து முறுக்கி, ஒரு பொத்தானைத் தொங்கவிட்டு, 'இப்போது ஓடுகிறது பாருங்கள்' என்று சொல்வோர் உண்டு. வண்டி ஓடும். ஆனால், பியூஸ் இல்லாத ஒயர் சூடேறலாம். சட்டென்று நிறுத்த வேண்டிய வேளையில் நிறுத்த வழி தெரியாமல் போகலாம். நிறுத்துவதற்காகவே பிறந்த சுவிட்சை எடுத்தெறிந்துவிட்டு வண்டியோட்டுவது, மூக்கணாங்கயிறு இல்லாத மாட்டை வண்டியில் பூட்டுவதற்கு ஒப்பாகும். பிள்ளைகளை இறக்கித் தள்ளச் சொல்லிக் கிளப்புவதும் ஆகாது.

ஓடும்போதே இயந்திரம் நின்றுவிட்டால் ஓட்டுநர் கலங்கக்கூடாது. சாவியை உருவக்கூடாது; உருவினால் ஸ்டேரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டேரிங் கனத்தாலும் திரும்பும். பிரேக்கில் மிச்சமிருக்கும் துணைவிசை ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஆகவே, விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அபாய விளக்கைப் போட்டு, சாலையின் இடப்புறம் ஒதுங்கி, பிள்ளைகளைச் சாலைக்கு எதிர்ப்பக்கமாக இறக்க வேண்டும். இதற்கு மாறாக, சாவியை அணைத்தும் டீசல் வண்டி நிற்காமல் ஓடினால், பிரேக்கை இறுக மிதித்தபடி மேல் கியரில் போட்டு கிளச்சை மெல்ல விட்டால் இயந்திரம் அடங்கும்.

இவை ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் உரியவை. பெற்றோர்களாகிய நமக்கு உரிய வேலை வேறொன்று. வேனில் நாள்தோறும் ஏறி இறங்கும் பிள்ளைக்குத்தான் அதன் குறை முதலில் தெரியும். 'இன்றைக்கு வேன் வழியில் இரண்டு முறை நின்றது, அம்மா' என்று பிள்ளை சொன்னால், 'அது பழைய வேன், அப்படித்தான்' என்று தள்ளிவிடாதீர்கள். அண்ணனே, தம்பியே என்று அழைத்து ஓட்டுநரிடம் நயமாகக் கேளுங்கள். அவர் கூலிக்கு ஓட்டுபவராக இருந்தால், அவருக்குத் துணையாக முதலாளியிடம் சேர்ந்து பேசுங்கள். பழுதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஓட்டுநருக்கு இருக்கலாம். அந்த அச்சத்தைப் போக்குவது பத்துப் பெற்றோர் சேர்ந்தால் இயலாததா? செலவுக்கு வழியில்லை என்றால், ஏறும் வீடுகள் பங்கு போட்டுக்கொண்டாலும் தலைக்குச் சிறு தொகைதான் வரும். கூடிப் பேசிவிட்டுக் கலையும்போது, யார், எந்த நாளுக்குள் சுவிட்சை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள். அந்த அமெரிக்க நிறுவனத்துக் கூட்டங்களில் செய்யத் தவறியது அதைத்தான்.

ஒயரின் உறை தேய்ந்ததைக் கண்ட பெர்த்தா அம்மையார், வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு அங்கேயே சரிசெய்தார். பயணம் முடிந்ததும் வண்டியின் குறைகளைக் கணவரிடம் எடுத்துச் சொல்லித் திருத்தவும் செய்தார். குறையைக் கண்டவர் சொல்ல வேண்டும், கேட்டவர் செய்ய வேண்டும். இவ்வளவுதான் இந்த வரலாறு நமக்குத் தரும் பாடம். அடுத்த முறை உங்கள் கைக்கு ஒரு வண்டிச் சாவி வரும்போது, அதன் கொத்தில் தொங்கும் பாரத்தை முதலில் கழற்றி வையுங்கள்.